லயத்து வீடு

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு சிற்றூரில் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் ஓர் இலக்கிய வட்டத்தை நடத்துவது எளிய செயலன்று. இடம் கிடைத்தால் பேச்சாளர் வருவதில்லை. பேச்சாளர் வந்தால் மழை வந்துவிடும். இரண்டும் கூடிவரும் நாளில் ஊரில் கலியாணம் இருக்கும். அத்தனையையும் கடந்து இந்த வட்டத்தைக் காத்துவந்த நண்பர்களை முதற்கண் பாராட்டுகிறேன்.

விழாக் குழுவினர் எனக்கு 'வீடு' என்னும் தலைப்பைத் தந்தார்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்று நால்வகையாக வாழ்வின் பயனைச் சொல்லும் மரபு நம்முடையது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியருளிய தலம் என்று போற்றப்படும் இம்மலையடிவாரத்தில் நின்று பேசுகிறவன், அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதே முறை. நான் பேச வந்திருப்பதோ வேறொரு வீட்டைப் பற்றி. கல்லாலும் மண்ணாலும் சுவர் எழுப்பி, தகரத்தால் கூரை வேய்ந்து, கம்பெனிகள் தம் தொழிலாளருக்குக் கட்டிக்கொடுத்த வீடு அது. அகலம் பத்தடி; நீளம் பன்னிரண்டடி. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அதற்கு லயம் என்று பெயர்.

திருவண்ணாமலையில் பேசுவதற்கு இலங்கைத் தோட்டத்து வீடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பௌர்ணமிதோறும் இவ்வூர் வழியாக இலட்சக்கணக்கானோர் மலையை வலம்வருகிறார்கள். பதினான்கு கிலோமீட்டர் நடை. எங்கே தொடங்கினார்களோ அங்கேயே வந்து முடிக்கிறார்கள். பிறகு தம் வீட்டுக்குப் போகிறார்கள். நம்முடைய ஆற்காட்டு மாவட்டங்களிலிருந்தும், திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்தும் வேறொரு மலையை நோக்கி நடந்த கூட்டம் ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கோ இங்கே வீடு இல்லை. அக்கூட்டத்தின் கதையை ஒரே ஓர் அறைக்குள் நின்று சொல்லலாம் என்பதால்தான் இந்த வீட்டைத் தேர்ந்துகொண்டேன்.

அன்பர்களே, இந்த வீடு ஏன் இப்படிக் கட்டப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம்.

கண்டி இராச்சியம் 1815-இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. எட்டாண்டுகள் கழித்து, 1823-ஐ ஒட்டி, கம்பளை நகருக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இம்முயற்சிகளுக்கு முழு ஊக்கம் தந்தார். மலையகத் தமிழர் தம் வரலாற்றின் தொடக்கமாக இந்த 1823-ஐயே கொள்கிறார்கள். இருநூறு ஆண்டு நிறைவை நினைந்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்றும் நடத்தினார்கள்.

அந்த வழியேதான் முன்னோர் நடந்தனர். படகில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நாள்கணக்கில் நடை. தண்ணீர் இல்லை, நிழல் இருந்த இடத்தில் கொசு இருந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். கோப்பி, பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் வேண்டும். பறித்து முடிந்தால் வேண்டாம். ஆகவே ஆடவர் கூட்டங்கூட்டமாகப் போய்ச் சில மாதம் உழைத்து, தாயகத்து அறுவடைக்குத் திரும்பினார்கள். இப்படி வந்து போகிறவர்கள் ஒதுங்குவதற்காக எழுப்பிய கொட்டகைதான் லயத்தின் மூலம். அதைக் கட்டியவர் மனத்தில் குடும்பம் என்ற எண்ணம் இல்லை. படுக்க இடம், மழைக்குக் கூரை, அவ்வளவே.

1869-இல் கோப்பிச் செடியின் இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் அழிந்தது. அதற்குச் சற்று முன்பே, 1867-இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். மலைகள் எல்லாம் தேயிலைக்கு மாறின. தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து விடும் செடி. வாரந்தோறும் பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். செடி வெட்டவும் கான் வெட்டவும் ஆண்கள் வேண்டும். பின்னாளில் அவர்கள் இடத்தை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும். பருவத்துக்கு வந்துபோன ஆள், குடும்பத்தோடு நிலைகொண்டார். ஆள் மாறினாரே தவிர வீடு மாறவில்லை. தனியாள் ஒதுங்கக் கட்டிய கொட்டகைக்குள் தாய், தந்தை, பிள்ளைகள், பாட்டி, பிரசவம், சாவு, கலியாணம் எல்லாம் அடங்க வேண்டியதாயிற்று.

லயம் எப்படி இருக்கும் என்று காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலைச்சரிவில் நீளமாக ஒரே கட்டடம். அதில் பத்து அறை இருந்தால் பத்துக் காம்பரா லயம். இருபது இருந்தால் இருபது காம்பரா லயம். சில ஒற்றை வரிசை. சில, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. இரட்டை லயத்தில் பின்சுவர் பொதுச்சுவர் ஆதலால் பின்வாசலும் இல்லை, காற்றும் இல்லை. முன்னால் ஒடுங்கிய தாழ்வாரம். அடுப்புப் புகை போக வழியின்றிச் சுவரெல்லாம் கரி. இடைச்சுவர் கூரை வரை எழும்பாத லயங்களில், ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்கும் சொந்தம். தண்ணீருக்குப் பீலி, அங்கே வரிசை.

இந்த வீட்டைச் சுற்றி வளர்ந்த சொற்களைக் கவனியுங்கள். 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. நம் ஊரில் குதிரை கட்டும் இடத்துக்கு லாயம் என்று பெயர் இருப்பதை எண்ணிப் பார்த்தால் இந்த ஒலியொற்றுமை நெஞ்சை உறுத்தும். காம்பரா, போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். தாழ்வாரத்தைக் குறிக்கும் இஸ்தோப்பு, ஒல்லாந்தர் வழியாக வந்தது. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் இந்தச் சின்ன வீட்டுக்குள் ஆளுக்கொரு சொல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் தாமே இட்ட பெயர்கள் தமிழாகவே இருந்தன. மேலே இருப்பது மேட்டு லயம்; கீழே இருப்பது பணிய லயம்; வரிசையின் கடைசி அறை தொங்க வீடு. யாரை எந்த லயத்தில் வைப்பது என்பதில் சாதிக்கும் பங்கு இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் கடலுக்கு அப்பால் கொண்டுபோனவற்றுள் அதுவும் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு லயத்துக்குள் நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கம்பளைக்கும் புசல்லாவைக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில், ஓல்ட் பீகொக் என்னும் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றை அப்படியே வைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். 2007-இல் கண்டியைச் சேர்ந்த சமூக மேம்பாட்டு நிறுவனம் ஒன்று இதை அமைத்தது. முதல் கோப்பித் தோட்டம் எழுந்த கம்பளையின் சுற்றுவட்டத்திலேயே, தோட்டத் தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்தது பொருத்தமே.

அருங்காட்சியகம் என்றவுடன் வாளும் கிரீடமும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, ஆட்டுக்கல், விளக்கு, தப்பு முதலிய இசைக்கருவிகள், பழைய பதிவுத் தாள்கள், கங்காணிமாரின் கோட்டு. தொழிலாளர் குடும்பங்களிடம் இருந்து திரட்டிய இத்தகைய பொருள்களே அங்கே உள்ளன. விலை மதிப்பு என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. நான் ஓர் அறையின் குறுக்கே நடந்து பார்த்தேன். நான்கு எட்டில் எதிர்ச்சுவர் வந்துவிட்டது. திரும்பி நின்று, இந்த நான்கு எட்டுக்குள் எத்தனை தலைமுறை என்று எண்ணினேன். எண்ணிக்கை பிடிபடவில்லை.

லயத்தைக் குறுகிய வீடு என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். குடிசையில் வாழும் ஏழை நம் ஊரிலும் உண்டு. ஆனால் அக்குடிசை அவனுடையது. அல்லது அவன் அதை விட்டு இன்னொன்றுக்குப் போகலாம். லயம், தோட்டத்தில் கொடுக்கப்பட்ட கூடையையும் கத்தியையும் போல, வேலைக்கான ஒரு கருவி. வேலை உண்டென்றால் வீடு உண்டு. வேலை போனால் வீடும் போயிற்று. விடியுமுன் தப்படித்து எழுப்புவார்கள். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கங்காணி சொல்லும் மலைக்குப் போக வேண்டும். அங்கே மலை என்றாலே தேயிலை நிற்கும் வேலைத்தளம் என்று பொருள். பெரட்டுக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று லயத்துக்குள் வந்து கேட்கும் உரிமை தோட்டத்துக்கு இருந்தது. லயத்துக்கு உறவினரை அழைக்கும் உரிமை தொழிலாளிக்கு இருந்ததா என்றால், அது துரையின் மனத்தைப் பொறுத்தது. கடன்பட்டவர் வேறு தோட்டம் போக வேண்டுமானால் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். 1921-இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியின் கடன் ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்குக் கைமாறியது; கடனோடு ஆளும் கைமாறினார்.

1946-இல் கேகாலைப் பகுதியிலுள்ள நேவிஸ்மியர் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்களை லயங்களை விட்டு வெளியேறச் சொன்னபோது, மலைநாடெங்கும் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கூலிக்காக நடந்த போராட்டங்கள் பல உண்டு. இது வீட்டுக்காக நடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறையைக் காப்பதற்கா இத்தனை பாடு என்று நமக்குத் தோன்றலாம். அதைவிட்டால் அவர்களுக்கு நிற்க ஓரடி மண் அந்தத் தீவில் இல்லை.

அந்த மண்ணும் இல்லை என்று சட்டமே சொல்லும் நாள் விரைவில் வந்தது. 1931-இல் இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமை கிடைத்தது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948-இன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். லயத்து இருட்டறையில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களுக்குப் பத்திரம் எங்கே? குடியுரிமை போயிற்று, 1949-இல் வாக்கும் போயிற்று. வீடு கம்பெனியுடையது, நாடு யாருடையது என்று தெரியவில்லை. அந்த நிலை முற்றாக நீங்க 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இலக்கிய வட்டத்தில் பேசுகிறேன். ஆகவே எழுத்துக்கு வருகிறேன். நம் தமிழ் இந்த வீட்டுக்குள் எப்போது நுழைந்தது?

எழுத்தறியாதவர் என்று சொல்லப்பட்ட அம்மக்கள், தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் கங்காணியை ஏசும் பாட்டுமாக அந்த வீட்டை நிரப்பி வைத்திருந்தார்கள். மாசி மாதத்தில் காமன் கூத்து, மற்ற நாளில் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. லயத்து முற்றமே அவர்கள் அரங்கு. தஞ்சை மாவட்டத்திலிருந்து சென்ற கோ. நடேசய்யர், வெளியார் நுழையக் கூடாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரி போல் வேடமிட்டுப் போய் நிலைமையை அறிந்தார் என்று சொல்வார்கள். அவர் இதழ்கள் நடத்தினார், நூல்கள் எழுதினார், 1931-இல் தொழிற்சங்கம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார், மேடைகளில் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். கூலி உயர்வைப் பற்றிய சட்ட நுணுக்கம் புரியாதவர்களுக்கும் பாட்டுப் புரிந்தது.

இங்கிருந்து புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். தோட்டத்துக்குள்ளிருந்தே சி. வி. வேலுப்பிள்ளை வந்தார். 1914-இல் தோட்டத்தில் பிறந்து, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் போனவர் அவர். தம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் எழுதிய நாவலின் பெயர் 'வீடற்றவன்'. தோட்டத்தில் பிறந்து, லயத்தை அறிந்த ஒருவர், அங்கே வாழ்பவனை வீடற்றவன் என்று அழைத்திருக்கிறார். மல்லிகை சி. குமார் தம் கவிதை நூலுக்கு இட்ட பெயர் 'மாடும் வீடும்'. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' ஆகிய கதைத் தொகுதிகளையும் நம் வட்டத்தின் இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஒருசேரப் பார்த்தால், வீடு, நாடு என்னும் இரு சொற்களே மலையகத் தமிழ் எழுத்தின் தலைவாசலில் நிற்பது புலப்படும்.

இனி, என் சொந்த வாழ்வில் இந்த வீடு குறுக்கிட்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். நெடுநாள் சொல்லாமல் வைத்திருந்தது.

1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறீமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் அடங்கியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். நீலகிரியில் இவர்களுக்கென்றே 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 1976-இல் கழகமாயிற்று. அங்கே போனவர்களுக்கு மீண்டும் வரிசை வீடு கிடைத்தது. மற்றவர்கள் கடனுதவித் தாளோடு, பாட்டன் பெயர் சொன்ன ஊர்களைத் தேடி வந்தார்கள்.

1970-களின் பிற்பகுதி. நான் இம்மாவட்டத்தில் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியன். சேர்க்கை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு சிறுவன் வந்தான். முகவரி என்ற இடத்தில் அழகான கையெழுத்தில், 'மேட்டு லயம், எட்டாம் காம்பரா' என்று எழுதி, ஒரு தோட்டத்தின் பெயரையும் எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டேன். "இது முகவரி இல்லை தம்பி. இப்போது எந்த வீட்டில் இருக்கிறாயோ அதை எழுது" என்றேன். அவன் எழுதாமல் நின்றான். உடன் வந்திருந்த அவனுடைய அப்பாயி, கூப்பிய கையோடு சொன்னார்: "இப்ப இருக்கிறது அடுத்தவங்க திண்ணைங்க, ஐயா. எங்க வீடு அதுதாங்க."

நான் அந்தத் திண்ணைக்காரரின் பெயரைக் கேட்டு, அதையே முகவரியாக எழுதிக் கொண்டேன். விதிப்படி சரியாகத்தான் செய்தேன். ஓராண்டு கழித்து அந்தக் குடும்பம் பிழைப்புத் தேடி வேறு மலைக்குப் போய்விட்டது. எந்த மலை என்று நான் விசாரிக்கவில்லை.

கம்பளை மலையில் அந்த நான்கு எட்டு அறைக்குள் நின்றபோது, அந்தச் சிவப்புக் கோடு நினைவுக்கு வந்தது. எட்டாம் காம்பரா அவர்களுக்குச் சொந்தமில்லை என்பது அந்தப் பாட்டிக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குப் பட்டா இல்லை. தபால்கூடத் தோட்டத்து அலுவலகம் வரையில்தான் வரும். இருந்தும் அது வீடு என்றார். அவர் பிள்ளை பெற்ற இடம் அது. மாலையில் விளக்கேற்றிய இடம், கணவர் கண்மூடிய இடம். இஸ்தோப்பில் கோலம் போட்டு, சுவருக்கு மண் பூசி, ஓரத்தில் கறிவேப்பிலைக் கன்று நட்டு, கம்பெனி கொடுத்த கருவியை அவர் தம் கையால் வீடாக்கியிருக்கிறார். நான் அடித்தது ஒரு தோட்டத்தின் பெயரை என்று நினைத்தேன். அந்தக் கைவேலையை அடித்திருக்கிறேன்.

இதை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. லயங்கள் முடிவை நோக்கிப் போகின்றன, போகத்தான் வேண்டும். 2014 அக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லந்தை அருகே மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, லயங்கள் மக்களோடு புதைந்தன. ஆபத்துச் சரிவில் வரிசை வீடு கட்டியதன் விலை அது. ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்னும் திட்டம் வந்தது. ஏழு பேர்ச் என்பது நம் கணக்கில் நாலேகால் செண்டுக்குச் சற்று அதிகம். இந்திய உதவியில் கட்டும் வீடுகளின் பரப்பு 550 சதுர அடி. முதலில் 4,000 வீடுகள் என்றிருந்த உதவியோடு, 2017-இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 120 சதுர அடியிலிருந்து 550 சதுர அடிக்கு வருவது சிறிய மாற்றமன்று. ஆனாலும் இன்றும் பெரும் பகுதியினர் லயங்களிலேயே இருக்கிறார்கள்.

நம் பக்கமும் பார்ப்போம். மாஞ்சோலைத் தோட்டம் சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன நிலம். அங்கே தலைமுறை தலைமுறையாக வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்கள், வேலை முடிந்தது, மலையிறங்க வேண்டும் என்ற செய்தியை 2024-இல் கேட்டார்கள். வேலை போனால் வீடும் போயிற்று என்னும் பழைய விதி கடலுக்கு இப்பாலும் அதுவே. 1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்களுக்கான முகாம்கள் நம் மாவட்டத்திலும் உள்ளன. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்போருள் மலையக வழியினரும் உண்டு. முகாம் என்பதை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது; பழைய சிற்றறைகளுக்கு மாற்றாக 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. பெயரும் சுவரும் மாறுவது நல்லதே. குடியுரிமை என்னும் கேள்வி அங்கே இன்னும் காத்திருக்கிறது.

லயம் இடியட்டும் என்றால், பழைய லயம் ஒன்றைப் பாதுகாப்பது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இழிவின் அடையாளத்தை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதை எளிதில் தள்ள முடியாது. அங்கே துயருற்றவர் சொல்லும்போது நாம் தலைகுனிந்து கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் மறுபுறம் நடப்பதையும் காண வேண்டும். துரைமாரின் பங்களாக்கள் அழகாகப் புதுக்கப்பட்டு, விருந்தினர் விடுதிகளாக நிற்கின்றன. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 1996 முதல் உயர்தர விடுதியாக விளங்குகிறது. இயந்திரத்தின் சக்கரத்தைக்கூடத் துடைத்து வைத்திருக்கிறார்கள். பங்களா நிற்கும், தொழிற்சாலை நிற்கும், லயம் மட்டும் தடமின்றி மறையும் என்றால், நூறாண்டு கழித்து அங்கே வருகிறவன் என்ன நினைப்பான்? இத்தனை மலைகளையும் அந்தப் பங்களாவில் இருந்த நான்கு பேரே பச்சையாக்கினார்கள் என்று நினைப்பான். குடியிருக்கும் வீடாக லயம் ஒழிய வேண்டும்; சாட்சியாக ஒன்றாவது நிற்க வேண்டும். அந்த அருங்காட்சியகத்தை அமைத்தவர்கள் செய்திருப்பது அதைத்தான்.

கட்டடத்தைக் காக்கும் வசதி நமக்கு இல்லை. நம்மிடம் இருப்பது எழுதுகோல். ஆகவே பத்தாம் ஆண்டு நிறைவில் இந்த வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கண்டிச் சீமைக்குப் போய் வந்த குடும்பங்கள் நம் சுற்றுவட்டத்து ஊர்களில் இன்னும் இருக்கின்றன. கப்பலில் குழந்தையாக வந்தவர்களுக்கே இப்போது வயதாகிவிட்டது. மாதக் கூட்டத்துக்கு ஒருவர் என்று அழையுங்கள். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனையாம் காம்பரா, பீலி எந்தப் பக்கம் இருந்தது, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். நம் மொழியில் திருத்த வேண்டாம். இருபதாம் ஆண்டு மலரில் அந்தப் பக்கங்கள் வரட்டும்.

அன்று அந்தச் சிறுவன் எழுதிய முகவரியில், எட்டாம் காம்பரா என்பது என் நினைவில் இருக்கிறது. மேட்டு லயம் என்பது நினைவில் இருக்கிறது. தோட்டத்தின் பெயர் மட்டும் நினைவில் இல்லை. அதன்மேல்தான் சிவப்பு மை ஆழமாக விழுந்திருந்தது. இந்தப் பணியில் யாரேனும் ஒருவர் அந்தப் பெயரை எனக்குச் சொல்வார் என்னும் ஆசையும் எனக்கு உண்டு என்பதை மறைக்காமல் சொல்லி அமைகிறேன்.